தண்ணி காட்டிய ஜமீன்தார்கள்: டாக்கா தலைநகரான கதை

1576 ஜூலையில் ராஜ்மகலில் நடந்த போரில் வங்காளத்தின் கடைசி ஆப்கானிய சுல்தான் தாவூத் கான் கர்ரானி பிடிபட்டார். அவர் தலையை வெட்டி அக்பரிடம் அனுப்பிவைத்தார்கள். ‘வங்காளம் முகலாயர் வசமானது’ என்று சரித்திரப் புத்தகம் அந்த இடத்தில் ஒரு வரி எழுதிவிட்டு வேறு வேலையைப் பார்க்கப் போய்விடும். அக்பரின் அதிகாரிகளும் அப்படித்தான் நினைத்தார்கள். சுல்தான் ஒழிந்தார், இனி வரி வசூல்தான் பாக்கி என்று கணக்குப் போட்டார்கள்.

அந்தக் கணக்கு நேராக முப்பத்தைந்து வருஷம் பிடித்தது. அதற்குள் அக்பர் காலமாகி ஜஹாங்கீர் பட்டத்துக்கு வந்துவிட்டார். வங்காளத்துக்கு ஒருவர் பின் ஒருவராக சுபேதார்கள், அதாவது மாகாண ஆளுநர்கள், வந்தார்கள். சிலர் அங்கேயே செத்தும் போனார்கள். கடைசியில் மாகாணத்தின் தலைநகரே மூட்டை கட்டிக்கொண்டு கிழக்கே போய், புரிகங்கை ஆற்றங்கரையில் இருந்த ஒரு தாணாவில், அதாவது படைக்காவல் நிலையத்தில், உட்கார்ந்தது. இன்று வங்கதேசத்தின் தலைநகராக, இரண்டு கோடிக்கும் மேற்பட்ட ஜனங்களோடு பிதுங்கி வழியும் டாக்கா முதன்முதலில் தலைநகரானது இப்படித்தான். அதைத் தலைநகராக்கிய பெருமையில் பாதி சுபேதாருக்கு என்றால், அவரை அவ்வளவு தூரம் வரவழைத்த ஜமீன்தார்களுக்கு மீதிப் பாதி.

ஆறு மாதம் நிலம், ஆறு மாதம் நீர்

முதலில் ஊரின் லட்சணத்தைத் தெரிந்துகொள்ள வேண்டும். கங்கை, பிரம்மபுத்திரா, மேக்னா மூன்றும் கடலுக்குப் போகுமுன் கைகோக்கும் இடம் கிழக்கு வங்காளம். அந்தக் காலத்தில் பிரம்மபுத்திராவின் பெரும்போக்கு இன்றிருக்கும் வழியில் இல்லை. மைமன்சிங் பக்கமாகச் சுற்றிவந்து மேக்னாவில் விழுந்தது. அதிலிருந்து பிரிந்து தெற்கே வரும் லக்யா, கொஞ்சம் மேற்கே புரிகங்கை, இன்னும் மேற்கே இச்சாமதி, இடையில் எண்ணி மாளாத கால்வாய்கள். ஆனி பிறந்தால் வானம் பொத்துக்கொள்ளும். வயலும் வழியும் தண்ணீருக்குள் போய்விட, மேட்டில் இருக்கும் கிராமங்கள் மட்டும் தீவுகளாக நிற்கும். ஐப்பசி வரை அடுத்த தெருவுக்குப் போவதென்றாலும் ஓடம்தான். இந்தப் பிரதேசத்துக்கு ‘பாட்டி’ என்று பெயர். நமக்கு அந்தச் சொல் வேறு ஆளை நினைவூட்டும் என்பதால் இங்கே தாழ்நாடு என்று சொல்லிக்கொள்வோம்.

முகலாயப் படையின் பலம் குதிரையில் இருந்தது. வெட்டவெளியில் பாய்ந்து வந்து, சுற்றி வளைத்து, அம்பு மழை பொழிந்துவிட்டுப் போகும் வீரர்கள் அவர்கள். காபூலிலும் பானிபட்டிலும் எடுபட்ட அந்த வித்தை முழங்கால் சேற்றில் எடுபடுமா? தாழ்நாட்டு ஜமீன்தாருடைய படை படகில் இருந்தது. கோசா என்று ஒரு வகைப் போர்ப்படகு. இன்னும் நீளமானவை, அகலமானவை, பீரங்கி ஏற்றுபவை என்று பல வகை உண்டு. அபுல் ஃபஸல் ‘ஆயீன்-இ-அக்பரி’யில் வங்காளத்து ஜமீன்தார்களின் படைபலத்தைப் பட்டியல் போட்டிருக்கிறார். குதிரை வீரர் 23,330, யானை 1,170, பீரங்கி 4,260, அதற்கப்புறம் படகு 4,400. பேரரசின் பல மாகாணங்களுக்கு அவர் யானையும் குதிரையும் எண்ணினார். இங்கே படகையும் எண்ண வேண்டியிருந்தது.

1586இல் ரால்ஃப் ஃபிட்ச் என்ற லண்டன் வணிகர் இந்தப் பக்கம் வந்தார். ஸ்ரீபூரில் தங்கியவர், இங்கே எல்லோரும் அக்பருக்கு எதிரிகள் என்றும், ஆறும் தீவும் அத்தனை இருப்பதால் ஒன்றிலிருந்து ஒன்றுக்குத் தப்பிப் போய்விடுகிறார்கள், பாதுஷாவின் குதிரைப்படையால் ஒன்றும் செய்ய முடியவில்லை என்றும் எழுதிவைத்தார். துணி வாங்க வந்தவருக்குக்கூட ஒரே பார்வையில் விளங்கிவிட்ட சங்கதி அது. ஆக்ராவுக்கு விளங்கத்தான் நாளாயிற்று.

பன்னிரண்டு நிலக்காரர்கள்

இந்த ஜமீன்தார்களை வங்காளத்தில் ‘பாரோ புய்யான்’ என்பார்கள், பன்னிரண்டு நிலக்காரர்கள் என்று. எண்ணிப் பார்த்தால் சில சமயம் அதற்குக் குறைவாகவும் பல சமயம் கூடுதலாகவும் வரும். ஸ்ரீபூரில் கேதார் ராய், ஜஸ்ஸோரில் பிரதாபாதித்யர், புலுவாவில் மாணிக்யர் குடும்பம், பவாலில் காஜி குடும்பம், பூஷணாவில் இன்னொரு ராஜா. இந்துக்களும் உண்டு, முஸ்லிம்களும் உண்டு. பழைய சுல்தான்கள் காலத்தில் இவர்கள் நிலத்துக்கு உரிமை கொண்டாடினார்கள், மேலே ஒரு பங்கைக் கட்டினார்கள், யுத்தம் வந்தால் ஆளும் படகும் அனுப்பினார்கள். சுல்தான் விழுந்ததும் மேலே கட்ட ஆளில்லை. தங்கள் தங்கள் எல்லைக்குள் இவர்களே ராஜாக்கள் ஆகிவிட்டார்கள்.

முகலாயர் கொண்டுவந்த முறை வேறு. நிலத்தின் வருமானம் பாதுஷாவுக்குச் சொந்தம். அதை அவர் தம் உத்தியோகஸ்தர்களுக்கு ஜாகீராகப் பிரித்துக் கொடுப்பார். சில வருஷம் கழித்து ஆளை மாற்றுவார். ஜாகீர்தார் மாற்றலாகிப் போகிறவர். ஜமீன்தாரோ அங்கேயே பிறந்து அங்கேயே மண்ணாகிறவர். ‘நீ உன் நிலத்தை வைத்துக்கொள்ளலாம், ஆனால் அது நான் கொடுத்தது என்று ஒப்புக்கொள், நேரில் வந்து கும்பிடு, கூப்பிட்டபோது படகோடு வா’ என்பதுதான் பேரரசு கேட்டது. காசு விஷயத்தில் பேரம் பேசிவிடலாம். ‘நான் கொடுத்தது’ என்ற சொல்லில்தான் சிக்கல் இருந்தது.

இந்தச் சிக்கலில் எல்லோருக்கும் முன்னால் நின்றவர் ஈசா கான். அவருடைய தந்தை பைஸ் ராஜபுத்திர வம்சத்தவர். இஸ்லாத்துக்கு மாறி, கிழக்கு வங்காளத்தில் ஜமீன் பிடித்து, சூர் வம்ச அரசை எதிர்த்து உயிரைவிட்டவர். அப்போது சிறுவர்களாக இருந்த ஈசாவையும் அவர் தம்பியையும் துரானிய வியாபாரிகளிடம் அடிமைகளாக விற்றுவிட்டார்கள். பிற்பாடு அவர்களுடைய மாமா தேடிப் பிடித்து மீட்டுவந்தார் என்று அபுல் ஃபஸல் எழுதுகிறார். அடிமையாக விலைபோன பையன் தகப்பன் ஜமீனைத் திரும்பப் பிடித்து, சோனார்காவிலிருந்து கிஷோர்கஞ்ச் வரை அதிகாரத்தைப் பரப்பி, மற்ற புய்யான்களையும் தம் சொல்லுக்குள் கொண்டுவந்தார். எதிராளியின் அரண்மனைச் சரித்திரக்காரரே அவரைத் தாழ்நாட்டின் அதிபதி என்று எழுத வேண்டியதாயிற்று. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நாராயண்கஞ்ச் அருகே தீவான்பாக்கில் மண்ணுக்குள்ளிருந்து ஏழு பீரங்கிகள் கிடைத்தன. அவற்றில் ஒன்றில் வங்காள எழுத்தில் ஈசா கானின் பெயரும், ‘மஸ்னத்-இ-ஆலா’ என்ற பட்டமும், 1002 என்ற ஆண்டும் பொறிக்கப்பட்டிருக்கின்றன. ஹிஜ்ரி 1002 என்றால் 1593-94. பேரரசோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்த காலத்திலேயே சொந்தப் பெயர் போட்டுப் பீரங்கி வைத்துக்கொண்ட ஆள் அவர்.

கரையை வெட்டியவர்கள்

முதல் மோதல் 1578இல். சுபேதார் கான் ஜஹான் தாழ்நாட்டுக்குள் படையும் படகுமாக இறங்கினார். மேக்னாப் பக்கத்துக் காஸ்துலில் நடந்த சண்டையில் ஈசா கான் பின்வாங்கினார். ஜெயித்தாயிற்று என்று முகலாயர் கொள்ளையில் இறங்கிய நேரத்தில் மஜ்லிஸ் திலாவர், மஜ்லிஸ் பிரதாப் என்ற இரண்டு ஜமீன்தார்கள் படகுகளோடு வந்து விழுந்தார்கள். வந்த வழியே திரும்பிய கான் ஜஹான் அந்த வருஷக் கடைசியில் நோயில் இறந்துபோனார்.

இரண்டு வருஷத்தில் முகலாய அதிகாரிகளுக்குள்ளேயே கலகம் மூண்டது. படிப்பணத்தைக் குறைத்தது, குதிரைக்குச் சூடு போட்டுக் கணக்குப் பார்த்தது என்று பல மனக்குறைகள். வங்காளத்து அதிகாரிகள் தங்கள் சுபேதாரையே கொன்றார்கள். அந்தக் கலகத்தின் தலைவர்களில் ஒருவரான மாசூம் கான் காபூலி, அடிபட்டு ஓடிவந்து ஈசா கானிடம் அடைக்கலம் புகுந்தார். ஜமீன்தாருக்கு உள்ளூர்த் தண்ணீர் தெரியும். மாசூம் கானுக்கு முகலாயப் படையின் உள்விவகாரம் தெரியும். இருவரும் சேர்ந்த பிறகு பேரரசுக்குத் தலையிடி இரட்டிப்பாயிற்று.

1584இல் ஷாபாஸ் கான் வந்தார். கெட்டிக்காரத் தளபதி, ஆனால் வாய் பொல்லாதவர். ஈசா கான் ஊரில் இல்லாத நேரத்தில் புகுந்து கிஸிர்பூரையும் சோனார்காவையும் பிடித்தார், கத்ராபோவைச் சூறையாடினார், பிரம்மபுத்திராவின் கரையில் டோக் என்ற இடத்தில் கோட்டை கட்டி முகாம் போட்டார். எதிர்க்கரையில் எகாரோசிந்தூர், ஈசா கானின் கோட்டை. சண்டையும் சமாதானப் பேச்சுமாக ஏழு மாதம் ஓடிற்று.

ஜமீன்தார்கள் மழைக்காகக் காத்திருந்தார்கள். ஆறு கரைபுரண்டால் முகலாய முகாம் தானாகவே மூழ்கும். பட்டாளம் சாமானைத் தூக்கிக்கொண்டு ஓடும். அந்த வருஷம் மழை பொய்த்தது. வானம் கைவிட்டால் என்ன, மண்வெட்டி இருக்கிறதே! கூலியாட்களைத் திரட்டிப் பிரம்மபுத்திராவின் கரையைப் பதினைந்து இடங்களில் வெட்டிவிட்டார்கள். தண்ணீர் முகாமுக்குள் பாய்ந்தது. அதன் மேலேயே படகுகளை ஓட்டிக்கொண்டு வந்து அரண்களைத் தாக்கினார்கள். வந்த படைக்குத் தலைவன் துப்பாக்கிக் குண்டுபட்டு விழுந்ததும், வெள்ளம் திடீரென்று வடிந்ததும்தான் அன்றைக்கு முகலாயரைக் காப்பாற்றின.

இந்தச் சண்டையில்தான் டாக்கா கதைக்குள் நுழைகிறது. அங்கே முகலாயர் ஒரு தாணா வைத்திருந்தார்கள். அதன் தாணாதார் சையது ஹுசைன் ஈசா கானிடம் கைதியானார். சமாதானம் பேச ஈசா கான் அந்தக் கைதியையே தூதராகப் பயன்படுத்தினார். சோனார்காவ் துறைமுகத்தில் பாதுஷாவின் அதிகாரியாக ஒரு தரோகா உட்காரலாம், மாசூம் கானை மெக்காவுக்கு யாத்திரை அனுப்பிவிடலாம் என்று ஆசை காட்டினார். ஷாபாஸ் கான் நம்பி முகாமைக் கலைத்தார். பிறகு நிபந்தனைகளை ஏற்றிக்கொண்டே போனார். ஈசா கான் பேச்சை முறித்துக்கொண்டு 1584 செப்டம்பர் 30 அன்று தாக்கினார். தளபதியின் வாய்த்துடுக்கால் ஏற்கெனவே புகைந்துகொண்டிருந்த அதிகாரிகள் ஆளுக்கொரு பக்கம் நழுவினார்கள். ஷாபாஸ் கான் சேர்த்ததையெல்லாம் விட்டுவிட்டு மேற்கே இருந்த அன்றைய தலைநகர் தாண்டாவுக்குத் தப்பிப்போனார்.

தூரம்தான் எதிரி

அடுத்துச் சொல்ல வேண்டியவர் ராஜா மான்சிங். அக்பரின் தளபதிகளில் முதல் வரிசைக்காரர். 1595இல் ராஜ்மகலில் புதிய தலைநகரை அமைத்துவிட்டுத் தாழ்நாட்டின் மேல் படையெடுத்தார். 1597 செப்டம்பரில் அவருடைய மகன் துர்ஜன் சிங் கத்ராபோவைத் தாக்கப் படகுகளோடு போனபோது, பிக்ரம்பூர் அருகே ஈசா கானும் மாசூம் கானும் சுற்றி வளைத்தார்கள். துர்ஜன் சிங் அந்த ஆற்றிலேயே மாண்டார்.

இதற்குப் பிறகு ஈசா கான் செய்த காரியம் கவனிக்கத்தக்கது. பிடித்த கைதிகளை விடுதலை செய்தார், பாதுஷாவுக்குப் பணிவு தெரிவித்தார். பேரரசின் முதல் தளபதியுடைய பிள்ளையைக் கொன்றால் அடுத்த வருஷம் பத்து மடங்கு படை வரும் என்பது அவருக்குத் தெரியும். ஜெயித்த கையோடு பணிவது, பணிந்த கையோடு ஊருக்குள் போய்த் தன் ராஜ்யத்தைத் தானே பார்த்துக்கொள்வது, இதுதான் கடைசிவரை அவர் வழி. கும்பிடு போட அவர் கஞ்சப்பட்டதில்லை; நிலத்தைத்தான் விட்டுக்கொடுக்கவில்லை. எகாரோசிந்தூரில் அவரும் மான்சிங்கும் ஒற்றைக்கு ஒற்றை வாள்சண்டை போட்டதாகவும், மான்சிங்கின் வாள் முறிந்ததும் ஈசா கான் தம் வாளை நீட்டியதாகவும் வங்காளத்தில் சொல்லாத ஊரில்லை. அது நாட்டார் கதை. நடந்ததோ இல்லையோ, ஜனங்கள் அவரை எப்படிப் பார்க்க விரும்பினார்கள் என்பதற்கு அது சாட்சி. 1599 செப்டம்பரில் ஈசா கான் காலமானார், யாருக்கும் கைதியாகாமல்.

ஒவ்வொரு படையெடுப்பையும் வரிசையாக வைத்துப் பார்த்தால் ஒரே நோய் தெரியும். சுபேதார் தாண்டாவிலோ ராஜ்மகலிலோ இருக்கிறார். ராஜ்மகலுக்கும் சோனார்காவ் பக்கத்துக்கும் நேர்கோட்டிலேயே ஏறத்தாழ 300 கிலோமீட்டர். மழை விட்டு, சேறு காய்ந்து, படை கிளம்பி வந்து சேர்வதற்குள் பாதிப் பருவம் போய்விடும். இரண்டு கோட்டை பிடித்து மூன்றாவதைப் பார்ப்பதற்குள் மேகம் கறுக்கும். படை திரும்பியதும் தீவுகளில் பதுங்கிய ஜமீன்தார் படகேறி வீட்டுக்கு வந்துவிடுவார். வருஷா வருஷம் பிடித்த இடத்தையே திரும்பத் திரும்பப் பிடித்துக்கொண்டிருந்தார்கள்.

மான்சிங்குக்கு இது கொஞ்சம் பிடிபட்டது. 1602இல் டாக்காவுக்கே வந்து தங்கி ஸ்ரீபூர் கேதார் ராயைக் குறிவைத்தார். 1603இல் கேதார் ராய் படுகாயத்தோடு பிடிபட்டு இறந்தார். ஆனால் ஆக்ராவில் அக்பரின் கடைசிக் காலத்து வாரிசுச் சண்டை கூப்பிட்டது. மான்சிங் போனார். ஈசா கானின் மகன் மூசா கான் தம்பிகளோடு அப்பன் ஆண்ட இடத்தில் அப்படியே உட்கார்ந்திருந்தார்.

சிஷ்தியின் பேரன்

1608இல் ஜஹாங்கீர் அனுப்பிய இஸ்லாம் கான் வயதில் இளையவர். ஃபதேபூர் சிக்ரியின் ஞானி சலீம் சிஷ்தியின் பேரன். பாதுஷாவோடு சேர்ந்து வளர்ந்தவர். போர்க்களத்தில் பெரிய பெயர் எடுத்தவரும் இல்லை. ஆனால் முந்தினவர்கள் செய்த தப்பை உட்கார்ந்து படித்தவர் என்று அவர் காரியங்களைப் பார்த்தால் தெரிகிறது.

முதல் வேலையாக நம்பகமான திவானையும், படகுப்படைக்குத் தனித் தலைவரையும் அனுப்பும்படி பாதுஷாவிடம் கேட்டார். இஹ்திமாம் கான் என்ற மூத்த அதிகாரி படகுப்படைத் தலைவராக வந்தார். அவரோடு வந்த மகன் மிர்சா நாதன், பார்த்ததையும் செய்ததையும், தன் வீரப்பிரதாபங்களையும் சேர்த்து, ‘பஹாரிஸ்தான்-இ-கைபி’ என்று பாரசீகத்தில் எழுதிவைத்தார். அதன் கையெழுத்துப் பிரதி பாரீஸ் நூலகத்தில் கவனிப்பாரற்றுக் கிடந்ததை 20ஆம் நூற்றாண்டில் சரித்திராசிரியர் ஜதுநாத் சர்க்கார் கண்டெடுத்தார். இந்தப் போரைப் பற்றி நமக்குத் தெரிந்ததில் பெரும்பகுதி அந்த ஒற்றைப் புத்தகத்தின் உபயம்.

இரண்டாவது வேலை, ஓரத்திலிருந்து கொறிப்பது. மேற்கு வங்காளத்தில் பிஷ்ணுபூர், பாச்செட், ஹிஜ்லி ஜமீன்தார்களை முதலில் மடக்கினார். பூஷணா ராஜா சத்ரஜித் பணிந்து முகலாயர் பக்கம் சேர்ந்தார். சுசங் ராஜா ரகுநாத்தும் இவர் பக்கம். ஜஸ்ஸோர் பிரதாபாதித்யர் முதலில் மகனையும் பரிசுகளையும் அனுப்பி, பிறகு தாமே வந்து, மூசா கான் மேல் போகப் படகு தருகிறேன் என்று வாக்குக் கொடுத்துவிட்டுப் போனார். வாக்கு வாக்காகவே நின்றது. பிற்காலத்தில் நாடகமேடையில் இவர்களை ஒரே குரலில் வங்கத் தாய்க்காக முழங்க வைத்தார்கள். நடந்தது அப்படியில்லை. அவரவருக்கு அவரவர் ஜமீன். அடுத்தவன் வீடு எரியும்போது இவர்கள் காற்று எந்தப் பக்கம் வீசுகிறது என்று பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

மூன்றாவது வேலைதான் முக்கியம். மழை வந்தாலும் இஸ்லாம் கான் ராஜ்மகலுக்குத் திரும்பவில்லை. 1609 மழைக்காலத்தை வழியில் கோராகாட்டிலேயே கழித்தார். மழை விட்டதும் அங்கிருந்தே தெற்கே இறங்கினார். படகு ஆற்றில், குதிரை கரையில், இரண்டும் ஒன்றையொன்று கண்ணில் வைத்துக்கொண்டு நகர வேண்டும் என்பது உத்தரவு.

காலை உணவில் விழுந்த குண்டு

1610 கோடையில் இரண்டு தரப்பும் இச்சாமதிக் கரையில் மோதின. அங்கே ஜாத்ராபூரில் மூசா கானுக்குக் கோட்டை இருந்தது. பக்கத்தில் டாக்சராவில் மண்ணும் மூங்கிலும் கொண்டு இன்னொரு கோட்டையை அவசர அவசரமாக எழுப்பினார். சுற்றிச் சதுப்பு, முன்னால் ஆறு.

ஒரு நாள் காலை இஸ்லாம் கான் சாப்பாட்டில் கைவைத்திருந்தார். மூசா கான் பக்கத்திலிருந்து வந்த முதல் பீரங்கிக் குண்டு அவர் எதிரே இருந்த பாத்திரம் பண்டங்களைச் சிதறடித்தது. பரிமாற நின்ற வேலையாட்கள் அந்த இடத்திலேயே செத்தார்கள். அடுத்த குண்டு யானை மேல் கொடி பிடித்திருந்தவனைக் கொடியோடு சாய்த்தது. சுபேதார் பிழைத்தது அவர் அதிர்ஷ்டம். ஆற்றுக்கு அந்தப் பக்கத்திலிருந்து கூடாரத்துக்குள் இருக்கும் தட்டைக் குறிபார்க்கும் அளவுக்கு ஜமீன்தார் வீட்டுப் பீரங்கிக்காரர்கள் தேர்ந்திருந்தார்கள் என்பதை மிர்சா நாதன் மறைக்கவில்லை.

இதற்கு முகலாயர் கொடுத்த பதிலில்தான் முப்பது வருஷப் பாடம் தெரிகிறது. தூர்ந்துபோன ஒரு கால்வாயை ஆட்களை வைத்துத் தோண்டி, தண்ணீரை வரவழைத்து, தங்கள் படகுகளை இச்சாமதிக்குள் கொண்டுவந்தார்கள். அன்று கரையை வெட்டி முகாமை மூழ்கடித்தவர்கள் ஜமீன்தார்கள். இன்று கால்வாய் வெட்டிக் கோட்டைக்கு வழி பிடித்தவர்கள் முகலாயர். மண்வெட்டி கைமாறிவிட்டது. ஜாத்ராபூர் விழுந்தது. ஒரு மாதத்துக்கு மேல் தாக்குப்பிடித்த டாக்சராவும் ஜூலை நடுவில் ஓர் இரவுச் சண்டையில் விழுந்தது. மூசா கான் கிழக்கே லக்யா ஆற்றுக்குப் பின்வாங்கினார். இஸ்லாம் கான் டாக்காவுக்குள் நுழைந்தார்.

தாணா தலைநகரான விதம்

டாக்கா அப்போது அனாமத்து ஊர் ஒன்றுமில்லை. நாரிந்தாவில் இன்றும் இருக்கும் பினத் பீபி மசூதி 1457இல் கட்டப்பட்டது. ஆப்கானியர் காலத்துக் கோட்டை ஒன்று இருந்தது. ஆனால் பெரிய ஊர் என்றால் ஜனங்களுக்கு நினைவு வருவது சோனார்காவ்தான். சுல்தான்கள் இருந்த ஊர் அது. மெல்லிய துணிக்குப் பெயர்போன ஊர் அது. இப்போது மூசா கானின் ஊரும் அதுதான்.

அதற்கு எதிரே போய் உட்காரத்தான் இஸ்லாம் கானுக்கு இடம் வேண்டியிருந்தது. வெள்ளம் எளிதில் ஏறாத செம்மண் மேட்டின் தென்முனையில் டாக்கா இருக்கிறது. முன்னால் புரிகங்கை. அங்கிருந்து துலாய் என்ற நீர்வழியாகப் போனால் லக்யா. லக்யாவைத் தாண்டினால் மூசா கானின் வாசல். துலாயின் முகப்பில் இரண்டு கரையிலும் ஒவ்வொரு கோட்டை இருந்தது. இஹ்திமாம் கானையும் மிர்சா நாதனையும் அங்கே காவல் வைத்தார். ஆப்கானியர் கோட்டையைப் புதுப்பித்துத் தாம் குடியேறினார். அந்தக் கோட்டை இருந்த இடத்தில் பிற்பாடு டாக்கா மத்தியச் சிறை வந்தது. ஊருக்குப் பாதுஷா பெயரால் ஜஹாங்கீர்நகர் என்று பெயர் சூட்டினார். பேரை அரசு ஏட்டில் எழுதினார்கள். ஜனங்கள் டாக்கா என்றே சொல்லிக்கொண்டிருந்தார்கள். தம் பெயரில் அவர் விட்டுப்போன இஸ்லாம்பூர் மட்டும் இன்று ஜவுளி மொத்த வியாபாரத் தெருவாகப் பிழைத்திருக்கிறது.

ராஜ்மகலில் அரசாங்கம் எதற்கு என்றாகிவிட்டது. திவான், கணக்கர், படைத்தலைவர்கள் எல்லோரும் இங்கேதான். அடுத்த மழைக்காலத்தில் ஓடிப்போவதற்கு ஊரில்லாதபடி மாகாணத்தையே கொண்டுவந்து எதிரியின் வாசலில் இறக்கிவைத்துவிட்டார் இஸ்லாம் கான். ஒரு ஜமீன்தாரை அடக்க இதைவிட அதிகச் செலவான வழி கிடையாது. இதைவிடக் குறைந்த செலவில் அடக்க வழியில்லை என்பதை முப்பது வருஷம் காட்டியிருந்தது.

லக்யாக் கரை நெடுக மூசா கானும் தம்பிகளும் கோட்டை போட்டு நின்றார்கள். கத்ராபோவில் தாவூத் கான், கதம் ரசூலில் அப்துல்லா கான், டெம்ராவில் மஹ்மூத் கான், பந்தர் கால்வாயில் மூசா கான். 1611 மார்ச்சில் மிர்சா நாதன் இரவோடு இரவாக ஆற்றைக் கடந்து கத்ராபோவை அடித்தார். ஒரு கண்ணி அறுந்ததும் மற்றவை நிற்கவில்லை. மூசா கான் சோனார்காவை விட்டுத் தீவுக்குப் போனார். அவருடைய தலைமை அதிகாரியே சோனார்காவை முகலாயரிடம் ஒப்படைத்தார். அந்த வருஷத்துக்குள் மூசா கான் தம்பிகளோடு டாக்காவுக்கு வந்து பணிந்தார். ஒதுங்கி நின்று வேடிக்கை பார்த்த பிரதாபாதித்யரின் முறை 1612 தொடக்கத்தில் வந்தது. அப்போது அவருக்குத் துணை நிற்க யாரும் மிச்சமில்லை. அதே 1612 மார்ச்சில் ஆப்கானியத் தலைவர் குவாஜா உஸ்மான் கிழக்கே நடந்த போரில் கண்ணில் அம்பு பாய்ந்து இறந்தார். 1613இல் இஸ்லாம் கானும் பவாலில் காலமானார். உடலை முதலில் டாக்காவில் புதைத்து, பிறகு ஃபதேபூர் சிக்ரிக்குக் கொண்டுபோனார்கள்.

தோற்றவர்கள் எங்கே போனார்கள்

மூசா கானை யாரும் கொல்லவில்லை. படகுகளைப் பறிமுதல் செய்தார்கள், டாக்காவில் கண்காணிப்பில் வைத்தார்கள். நிலத்தில் ஒரு பகுதியைத் திருப்பிக் கொடுத்தார்கள், ஜாகீர் என்ற பெயரில். ‘நான் கொடுத்தது’ என்ற சொல்லை ஈசா கான் வீட்டுக்குள் நுழைத்தாயிற்று, அதற்குத்தானே இத்தனையும். சில வருஷம் கழித்து வந்த சுபேதார் இப்ராஹிம் கான் அவரை விடுவித்தார். மூசா கான் முகலாயருக்காகத் திரிபுராப் படையெடுப்பில் போனார். 1623இல் டாக்காவிலேயே இறந்தார். டாக்கா பல்கலைக்கழகத்தின் கர்சன் ஹால் அருகே அவர் பெயரால் ஒரு மசூதியும் பக்கத்தில் அவர் சமாதியும் இருக்கின்றன.

தலைநகர் அதற்குப் பிறகும் ஒரே இடத்தில் இருக்கவில்லை. 1639இல் இளவரசர் ஷா ஷுஜா அதை ராஜ்மகலுக்கு மாற்றினார். கிழக்கில் அசாமும் அரக்கானும் தொல்லை கொடுத்ததும் 1660இல் மீர் ஜும்லா மறுபடி டாக்காவுக்கே கொண்டுவந்தார். ஆபத்து எங்கே இருந்ததோ அங்கே போய் உட்காரும் பழக்கம் வங்காளத் தலைநகருக்கு இஸ்லாம் கான் காலத்தில் வந்தது. 1666இல் அரக்கானியரிடமிருந்து சிட்டகாங்கைப் பிடிக்க சாயிஸ்தா கான் படை அனுப்பினார். அபுல் ஃபஸல் ‘ஆயீன்’ கணக்கில் அதை வங்காளத்தின் வரி வட்டமாக எழுதிச் சுமார் எழுபது வருஷம் கழித்து, நிஜமாகவே பிடிக்கப் போனார்கள். அந்தப் படையில் ஜமீன்தார்களின் படகுகளை நடத்திப் போனவர் முனவ்வர் கான், மூசா கானின் பேரன். கொள்ளுத்தாத்தா முகலாயரை மூழ்கடித்த வித்தையைக் கொள்ளுப்பேரன் முகலாயர் சம்பளத்தில் செய்தார். இன்றைய வங்கதேசக் கடற்படை சிட்டகாங்கில் உள்ள தன் தளத்துக்கு ஈசா கான் பெயரை வைத்திருக்கிறது. குதிரையை நம்பி வந்தவர்களுக்குப் படகின் அருமையைக் கற்பித்தவருக்கு அது பொருத்தமான மரியாதைதான்.

கடைசியாக டாக்காவை விட்டுப் போனவர் வங்காளத்தின் திவான் முர்ஷித் குலி கான். 1704இல் திவான் கச்சேரியைக் கங்கைக்கு மேற்கே ஓர் ஊருக்குக் கொண்டுபோனார். பிறகு அந்த ஊர் முர்ஷிதாபாத் ஆயிற்று, தலைநகரும் அங்கே போயிற்று. அப்போது தாழ்நாட்டில் படகெடுத்து எதிர்க்க யாருமில்லை. நதிக்கோட்டைக்கு எதிரே காவலிருக்க வேண்டிய அவசியமும் இல்லை. ஆனால் வரி ஒழுங்காக வர வேண்டுமே! அதற்கு முர்ஷித் குலி கண்ட வழி, பொறுப்பைச் சில பெரிய ஜமீன்தார்கள் தலையில் கட்டுவது. ஜமீன்தாரை மடக்க ஒரு தலைநகரையே இடம்பெயர்த்த பேரரசு நூறு வருஷம் கழித்து ஜமீன்தார் கட்டும் பணத்தை எதிர்பார்த்துக் காலம் தள்ளியது. போரில் ஈசா கான் வம்சம் தோற்றது உண்மை. நிலத்துக்காரன் இல்லாமல் வங்காளத்தை ஆளலாம் என்ற எண்ணமும் அதோடு தோற்றது.